காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி, படகில் போய், கரை ஒதுங்கிச் சாப்பிட முடியுமா? முட்டுக்காடு முதல் புதுச்சேரி வரை ஒரு முழு விளக்கம்

வெளிநாட்டு வீடியோக்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாய்மரப் படகு மெதுவாக வருகிறது. தண்ணீரை ஒட்டியே ஒரு ஹோட்டல். படகைக் கயிற்றால் கட்டிவிட்டு, நேராக ஏறிப் போய் மேஜையில் உட்கார்ந்து மீன் வறுவல் ஆர்டர் செய்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் இதற்கு 'டாக் அண்ட் டைன்' என்று பெயர்.

இதெல்லாம் நம்ம ஊரில் முடியுமா? பட்டும் கோயிலும் தெரிந்த காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பினால், படகில் போய் இறங்கிச் சாப்பிட எந்த இடம் இருக்கிறது? சொந்தமாகப் படகு ஓட்டத் தெரிந்தவர் என்றால் எங்கே கட்டலாம், எங்கே கட்டவே கூடாது?

சுருக்கமான பதில்: அமெரிக்கா மாதிரி கிடையாது. ஆனால் அதற்குப் பக்கத்தில் வரும் சில இடங்கள் இருக்கின்றன. அவை எப்படி இயங்குகின்றன, எதில் ஆபத்து என்று தெரிந்துகொண்டு போவதுதான் முக்கியம்.

முதலில், காஞ்சிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

இன்றைய வரைபடத்தில் சம்பந்தமே இல்லை. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோவளம், முட்டுக்காடு, மாமல்லபுரம், கடப்பாக்கம் என்று கடற்கரை மொத்தமும் அந்தப் பக்கம் போய்விட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இப்போது ஒரு அடி கடற்கரைகூட இல்லை. ஊருக்குள் படகு என்றால் கோயில் குளத்தில் சுற்றும் தெப்பம்தான். பாலாறும் வேகவதியும் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாகத்தான் கிடக்கின்றன.

ஆனால் பழைய கதை வேறு. பல்லவர்களுக்குக் காஞ்சி தலைநகர் என்றால், மாமல்லபுரம்தான் துறைமுகம். அதற்கும் முன்னால், பத்துப்பாட்டு நூல்களில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சிக்குப் போகும் வழி விவரமாக வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கப் போகும் பாணனுக்கு, எந்தெந்த ஊரில் என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறது அந்தப் பாட்டு. வழியில் நீர்ப்பெயற்று என்று ஒரு துறைமுகம். கப்பல்கள், மாடமாளிகைகள், இரவில் கப்பலுக்கு வழிகாட்ட உயரத்தில் எரியும் விளக்கு எல்லாம் அங்கே உண்டு. அந்தப் பட்டினத்தில் என்ன கிடைக்குமாம்? நன்றாகக் கொழுக்க வளர்த்த பன்றிக்கறியும் கள்ளும். நம்ம ஊரின் முதல் 'துறைமுகச் சாப்பாட்டு கைடு' என்று இதைச் சொன்னால் தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புவோம்.

நீர்ப்பெயற்று எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. மாமல்லபுரம் என்கிறார்கள் சிலர். பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வசவசமுத்திரம் என்கிறார்கள் வேறு சிலர். அங்கே நடந்த அகழாய்வில் ரோமானியர்கள் மது கொண்டுவரும் ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன.

அப்படி இருந்த கடற்கரையில் இப்போது ஏன் படகைக் கட்ட இடமில்லை?

இதற்கு முதல் காரணம் இயற்கை. சோழமண்டலக் கடற்கரை நேர்கோடு மாதிரி இருக்கும். கேரளாவில் கொச்சி மாதிரி, இலங்கையில் திருகோணமலை மாதிரி, நிலத்துக்குள் வளைந்து நுழையும் இயற்கைத் துறைமுகம் இங்கே கிடையாது. அலை நேராகக் கரையில் வந்து உடையும். சென்னைத் துறைமுகமே கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பி உருவாக்கியதுதான். அதற்கு முன்னால் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, மசூலா படகுகள்தான் ஆட்களையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தன. பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை அடித்தால் உடையாமல் வளைந்துகொடுக்கும். கட்டுமரமும் இதே கணக்குதான். கரையில் இழுத்துப் போட வசதியாக, இந்தக் கடலுக்கென்றே உருவான வடிவம்.

இரண்டாவது காரணம் முகத்துவாரங்கள். ஆறும் காயலும் கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு விழுந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் வாய் திறக்கும், கோடையில் அடைபடும். போன மாதம் நுழைந்த வழி இந்த மாதம் இருக்காது.

மூன்றாவது, சட்டம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி, அலை ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டருக்குப் புதுக் கட்டடம் பொதுவாக அனுமதி இல்லை. 2019-ல் வந்த அறிவிக்கை, மக்கள் நெருக்கம் அதிகமான கிராமப் பகுதிகளில் மட்டும் இதை 50 மீட்டராகக் குறைத்தது. ஆகவே 'தண்ணீர் ஓரம் ஹோட்டல்' என்று போர்டு வைத்திருக்கும் பல இடங்களில், உண்மையில் தண்ணீர் தூரத்தில் தெரியும். அவ்வளவுதான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த கடற்கரை இது.

முட்டுக்காடு: கைக்கு எட்டும் முதல் இடம்

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காரில் வந்தால் ஏறக்குறைய 2 மணி நேரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது முட்டுக்காடு காயல். 1984-ல் இருந்து தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் இங்கே படகு இல்லம் நடத்துகிறது. மிதி படகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு என்று எல்லாம் உண்டு. கழகத்தின் உணவகமும் அங்கேயே.

இப்போது பேச்சு எல்லாம் மிதக்கும் உணவகக் கப்பலைப் பற்றித்தான். சுமார் 5 கோடி ரூபாய் செலவில், 125 அடி நீளம், 25 அடி அகலத்தில், இரண்டு அடுக்காகக் கட்டப்பட்டது. கீழ்த்தளம் ஏசி, மேல்தளம் திறந்தவெளி. தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து கழகம் கொண்டுவந்த திட்டம். படகைக் கரையில் கட்டிச் சாப்பிடப் போகும் கதை இங்கே தலைகீழ். கரையில் ஏறுகிறீர்கள், சாப்பாடு படகிலேயே வருகிறது, படகு காயலில் ஒரு சுற்று போய்த் திரும்புகிறது. பிறந்தநாள், கம்பெனி பார்ட்டி என்று மொத்தமாகவும் எடுக்கிறார்கள். போகும் முன்பு கழகத்தின் அலுவலகத்திலோ இணையதளத்திலோ நேரமும் கட்டணமும் கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் நேராகப் போய் நின்றால் ஏமாற்றம்தான்.

இங்கே ஒரு முக்கியமான கேள்வி. சென்னையிலிருந்து சொந்தப் பாய்மரப் படகில் கடல் வழியாக வந்து முட்டுக்காட்டுக்குள் நுழைய முடியுமா?

முடியாது. படகு இல்லம் சாலைக்கு மேற்கே இருக்கிறது. கடலுக்கும் அதற்கும் நடுவில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பாலம். பாய்மரம் உயரமாக இருக்கும் படகு அதன் அடியில் நுழையாது. மரத்தைச் சாய்த்துக்கொண்டு வரலாம் என்று நினைத்தாலும், முகத்துவார மணல் திட்டும் காயலின் குறைந்த ஆழமும் விடாது. அடியில் நீளமான சுக்கான் கட்டை உள்ள படகு மணலில் குத்திக்கொண்டு நிற்கும். அதனால் முட்டுக்காடு என்பது அங்கேயே ஏறி அங்கேயே இறங்கும் இடம். கடல் பயணத்தில் தங்கும் இடம் அல்ல.

பக்கிங்காம் கால்வாய் வழியாக வரலாமே என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. 1806-ல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய இந்தக் கால்வாய், பின்னர் காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை நீண்டது. 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக ஒரு பெரும்பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு நிலைத்தது. முட்டுக்காடு காயல் வழியாகத்தான் இது போகிறது. உப்பும் விறகும் நெல்லும் இதில் படகில் வந்த காலத்தில், மடைகளுக்குப் பக்கத்தில் படகைக் கட்டி, அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். 2008-ல் இது தேசிய நீர்வழி எண் 4-ன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சென்னைக்குள் இதன் நிலையைப் பறக்கும் ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

கோவளம், மாமல்லபுரம்: சாப்பாடு உண்டு, படகுத்துறை இல்லை

கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. அலைச்சறுக்குக்காக வெளிமாநில இளைஞர்கள் வந்து தங்கும் ஊர். மாமல்லபுரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒத்தவாடைத் தெருப் பக்கம் போனால், காலையில் கரைக்கு வந்த வஞ்சிரமும் சங்கராவும் இறாலும் நண்டும் மத்தியானம் தட்டில் இருக்கும். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 65 கி.மீ. தான்.

ஆனால் இரண்டு ஊரிலும் சுற்றுலாப் படகைக் கட்ட ஜெட்டி கிடையாது. மீனவர்களின் ஃபைபர் படகுகள் மணலில் ஏற்றி நிறுத்தப்படுகின்றன. பாய்மரப் படகில் வருபவர் அலை உடையும் இடத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டு, சிறிய படகில் கரைக்கு வர வேண்டும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு முன்னால் கடலுக்கு அடியில் பாறைகள் இருக்கின்றன. தெரியாதவர் அந்தப் பக்கம் படகை நெருக்கக் கூடாது.

இன்னொன்று. மீனவ கிராமத்துக் கரை என்பது காலி இடம் அல்ல. எங்கே வலை காயும், எந்த வரிசையில் படகு நிற்கும் என்பதெல்லாம் ஊர்ப் பஞ்சாயத்தின் ஏற்பாடு. கேட்டுவிட்டு இறங்கினால் படகை இழுக்க நாலு பேர் ஓடி வருவார்கள். கேட்காமல் வலை மேல் நங்கூரத்தைப் போட்டால் அன்றைக்கு அந்தக் குடும்பத்தின் சம்பாத்தியம் போச்சு. பிறகு நடக்கும் பேச்சுவார்த்தை இனிமையாக இருக்காது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம். அணுமின் நிலையம் இருப்பதால் அங்கே கரைப்பக்கம் படகு போகக் கூடாது. நன்றாகக் கடலுக்குள் விலகித்தான் கடக்க வேண்டும்.

முதலியார்குப்பமும் ஆலம்பரையும்: கூட்டம் குறைவு, அழகு அதிகம்

முட்டுக்காட்டில் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வரிசையைப் பார்த்து அலுத்தவர்கள் இன்னும் தெற்கே போகலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, சென்னையிலிருந்து சுமார் 92 கி.மீ. தூரத்தில் முதலியார்குப்பம் படகு இல்லம். இதுவும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. ஓதியூர் காயலில் படகேறினால் கடலுக்கும் காயலுக்கும் நடுவில் இருக்கும் மணல் கரையில் இறக்கிவிடுவார்கள். ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் அசையாத தண்ணீர். அங்கே சாப்பாட்டுக் கடையை எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

இன்னும் தெற்கே கடப்பாக்கம். 18-ம் நூற்றாண்டு ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த செங்கல் சுவர்கள் காயல் ஓரம் நிற்கின்றன. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், 1760-ல் ஆங்கிலேயர்கள் இடித்துத் தள்ளிய கோட்டை. ஒருகாலத்தில் இங்கிருந்த படகுத்துறையில் உப்பு, நெய்யோடு ஜரிகைத் துணியும் ஏற்றுமதி ஆனது என்று சொல்வார்கள். பட்டு நெய்யும் ஊர்க்காரர்கள் போய்ப் பார்க்க அதுவே ஒரு காரணம். உள்ளூர் மீனவர்கள் காயலில் படகில் அழைத்துப் போகிறார்கள். ஏறும் முன் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கோட்டையைக் கரையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

சுண்ணாம்பாறு: 'படகில் போய்ச் சாப்பிடுவது' நிஜமாக நடக்கும் இடம்

புதுச்சேரி காஞ்சிபுரத்திலிருந்து சாலை வழியாக சுமார் 110 கி.மீ. அங்கிருந்து கடலூர் சாலையில் சில கி.மீ. போனால் நோணாங்குப்பம். சுண்ணாம்பாறு படகுக் குழாமைப் புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. இங்கே படகேறி, இருபுறமும் மரங்கள் அடர்ந்த கழிமுகம் வழியாகப் போனால் பாரடைஸ் பீச். இறங்கினால் மணல், கடல், சாப்பிடச் சின்னச் சின்னக் கடைகள். சாப்பிட்டுவிட்டு அடுத்த படகில் திரும்பலாம். வெளிநாட்டு வீடியோவில் பார்த்ததற்கு வட தமிழகப் பக்கத்தில் கிடைக்கும் நெருங்கிய காட்சி இதுதான் என்பது நமது கணிப்பு.

கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடலில் நீந்துவது வேறு விஷயம். அலையும் அடியிழுப்பும் பலமானவை.

புதுச்சேரி நகரத்தில் கடற்கரைச் சாலையில் லெ கஃபே மாதிரி அலைச் சத்தம் கேட்கச் சாப்பிடும் இடங்கள் உண்டு. படகைக் கொண்டுவந்து கட்ட வழியில்லை. கடலுக்குள் நீண்டிருந்த பழைய பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் கடல் கொந்தளிப்பில் இடிந்து விழுந்தது.

அதற்கும் தெற்கே பிச்சாவரம். சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகு. சாப்பாடு கரையில் உள்ள கழக உணவகத்தில்தான், காட்டுக்குள் இல்லை. அதுவே நல்லது.

சொந்தமாகப் பாய்மரப் படகு ஓட்ட ஆசையா?

அதற்கு முதல் முகவரி சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கிறது. 1911-ல் சென்னைத் துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் சென்னையில் சிறுவர்களுக்குப் பயிற்சி தருகிறது. பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன் சென்னைக்காரர்தான். 2024 அக்டோபரில் கிளம்பி 2025 மே மாதம் 'தாரிணி' படகில் உலகைச் சுற்றி முடித்த இரண்டு கடற்படை அதிகாரிகளில் ஒருவரான ரூபா அழகிரிசாமி புதுச்சேரியைச் சேர்ந்தவர். ஆகவே ஆள் இல்லாத குறை நமக்குக் கிடையாது. கட்டுத்துறைதான் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடல் மைல் என்பது 1.852 கி.மீ. சென்னைத் துறைமுகத்திலிருந்து கோவளம் ஏறக்குறைய 18 கடல் மைல். மாமல்லபுரம் 30-க்குக் கொஞ்சம் குறைவு. புதுச்சேரி சுமார் 75. நடுத்தரமான பாய்மரப் படகு நல்ல காற்றில் மணிக்கு 5 கடல் மைல் போகும் என்று வைத்துக்கொண்டால், மாமல்லபுரத்துக்கு 6 மணி நேரம், புதுச்சேரிக்கு 15 மணி நேரம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமல்லபுரம் எதிரே நிற்கலாம். ஆனால் இருட்டுவதற்குள் சென்னை திரும்ப முடியாது. வழியில் பத்திரமாகப் படகைக் கட்டி இரவு தங்க ஒரு துறைகூட இல்லை. நம்ம கடற்கரையில் இந்தக் கலாசாரம் வளராததற்கு ஒரே வரியில் காரணம் கேட்டால், இதுதான்.

காகித வேலையும் உண்டு. துறைமுகத்தை விட்டுக் கிளம்ப அனுமதி வேண்டும். 2008-ல் மும்பையைத் தாக்கியவர்கள் கடல் வழியாகத்தான் வந்தார்கள். அதற்குப் பிறகு கடலோரக் கண்காணிப்பு இறுகிவிட்டது. தெரியாத படகு ஒன்று கரையோரம் நின்றால் மீனவர்களே போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள். சொல்லவும் வேண்டும். எனவே எங்கே போகிறோம், எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போவதுதான் முறை.

கேரளாவில் மட்டும் எப்படி?

காயல்தான் காரணம். அலை இல்லாத, நீளமான, ஊருக்குள் புகுந்து வரும் தண்ணீர். ஆலப்புழாவில் வீட்டுப் படகில் ஏறினால் சமையல்காரர் படகிலேயே இருப்பார். போகும் வழியில் கரையோரக் கடையில் நிறுத்தி, கரிமீனையோ இறாலையோ நீங்களே பார்த்து வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருவார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். பொழுது சாய்ந்ததும் மறுபடி கட்டிவிட வேண்டும். இரவில் காயல் வலை போடும் மீனவர்களுக்கு உரியது.

பாய்மரப் படகு, யாட் என்று வருபவர்களுக்குக் கொச்சி போல்காட்டி தீவில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் சர்வதேசப் படகுத்துறை இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், பக்கத்திலேயே ஹோட்டல். உலகம் சுற்றும் படகுக்காரர்கள் இந்தியாவில் நின்று போகும் இடம் அது. சிங்கப்பூர் போனவர்கள் செந்தோசா தீவில் ஒன் டிகிரி ஃபிஃப்டீன் மரீனாவைப் பார்த்திருக்கலாம். வரிசையாகப் படகுகள், பக்கத்திலேயே உணவகங்கள்.

அப்படிப்பட்ட இடங்களுக்குப் படகில் போகும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகள் எங்கும் ஒன்றுதான். நீர் வற்றிய நேரத்தில் துறையில் ஆழம் எவ்வளவு? நம் படகின் நீளத்துக்கு இடம் உண்டா? சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் கட்டினால் கட்டணம் உண்டா? இரவு கட்டலாமா? வழியில் பாலம் இருந்தால் உயரம் என்ன? போன் செய்து கேட்காமல் போய், பசியோடு தண்ணீரில் சுற்றிக்கொண்டிருப்பது உலகம் முழுக்க நடக்கும் கூத்து.

எந்த மாதம் போகலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக் காற்று, வடகிழக்குப் பருவமழை, புயல் என்று கடல் நம் பேச்சைக் கேட்காது. துறைமுகத்தில் 1-ம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தியில் பார்த்தாலே காயல் பயணத்தையும் தள்ளிப் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் சாப்பிடவே மாமல்லபுரம் போகிறீர்கள் என்றால் அந்த இரண்டு மாதம் பெரிய மீன் கிடைப்பது குறைவு, விலையும் ஏறும்.

காஞ்சியில் பல தறி வீடுகளில் அமாவாசை அன்று வேலை இருக்காது. அன்றைக்கே கிளம்பினால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். நம்ம கடற்கரையில் அந்த வித்தியாசம் சுமார் 1 மீட்டர்தான் என்றாலும், இடுப்பளவுத் தண்ணீர் உள்ள கழிமுகத்தில் படகு தரை தட்ட அது போதும். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் மையம், அதாவது இன்காய்ஸ், அலை எவ்வளவு உயரம், கடல் சீற்றம் உண்டா என்று தினமும் சொல்கிறது. போனிலேயே பார்க்கலாம்.

ஏறும் முன் இதை மட்டும் பாருங்கள்

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் சுற்றுலாப் போன படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2009 செப்டம்பரில் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர். 2023 மே 7 அன்று கேரளாவின் தானூரில் 22 பேர், அதில் பல குழந்தைகள். தானூரில் நடந்ததைத் திரும்பிப் பார்த்தால் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்த தவறுகள். அளவுக்கு மேல் ஆட்கள், இருட்டிய பிறகு பயணம், மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய இரண்டடுக்கு, லைஃப் ஜாக்கெட் போடாத பயணிகள்.

2021-ல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 1917-ம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. காயலில் ஓடும் இயந்திரப் படகுக்குப் பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு எல்லாம் கேட்கிறது அது. சட்டப் புத்தகத்தை நீங்கள் படிக்க வேண்டாம். படகின் பக்கவாட்டில் பதிவு எண் இருக்கிறதா, எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தலையை எண்ணுங்கள். குழந்தைக்குக் குழந்தை அளவு ஜாக்கெட்டே வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டைப் போட்டால் தண்ணீரில் விழும்போது அது தலை வழியாகக் கழன்று வந்துவிடும். போட்டோவுக்காக எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நிற்காதீர்கள். இரண்டடுக்குப் படகில் மேல்தளத்தில் கூட்டம் கூடினால் இறங்கிவிடுங்கள். கொடுத்த பணம் போனால் போகட்டும்.

கையில் என்ன சாப்பாடு எடுத்துப் போகலாம்?

காஞ்சிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமாகப் பெயர் எடுத்த காஞ்சிபுரம் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் சேர்த்து, மந்தாரை இலையில் வேகவைத்தது. சாதாரண இட்லி மாதிரி சாயங்காலத்துக்குள் கெட்டுவிடாது. சட்னி, சாம்பார் இல்லாமல் கையில் எடுத்துச் சாப்பிடலாம், ஆடும் படகில் எதுவும் சிந்தாது. படகு ஆட்டத்தில் வயிறு புரட்டுபவர்களுக்கு எண்ணெயில் பொரித்ததைவிட இது எவ்வளவோ மேல். சுக்கு சேர்ந்திருப்பதும் ஒரு சாதகம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். இலையையும் பாட்டிலையும் காயலில் போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.

போனில் சேமிக்க வேண்டிய எண்கள்: கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல் படை 1554. தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. படகில் வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் அவசர அழைப்புக்கு சேனல் 16. கரையை விட்டுப் போகப் போக போன் சிக்னல் போய்விடும் என்பதால், கடலுக்குள் போகிறவர்களுக்கு ரேடியோதான் துணை.